காசிலிருந்து வந்தவர்

திராட்சை மிதித்து முடிந்து, தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, போ என்கிற ஆற்றின் மேல் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில், மொன்தெல்லா என்ற சின்ன ஊரின் ஆற்று வாசல் வழியாக, தங்கக் காசில் இருந்த மனிதர் உள்ளே நடந்து வந்தார். வாசல் காவலாளி அவரை நிறுத்தி, சுங்கம் கட்ட வேண்டிய சரக்கு ஏதாவது கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டான். அவர் கையில் ஒரு சிலுவையைத் தவிர வேறெதுவும் இல்லை, அதுவும் பார்ப்பதற்குச் சிலுவை மாதிரி இல்லாமல் குழம்பு அள்ளும் அகப்பை மாதிரி இருந்தது, சிலுவைக்கும் சுங்கம் கிடையாது அகப்பைக்கும் கிடையாது என்பதால் காவலாளி வழிவிட்டான். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவருடைய வலது பக்கத்து முகம்தான் தெரிந்தது. காவலாளி ஒருமுறை அவரைச் சுற்றி வந்து பார்த்தான், அப்போதும் அதே பக்கம்தான், சிலருக்கு அப்படித்தான் போலிருக்கிறது என்று போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த முகம் ஊருக்குப் புதிதல்ல. அது கான்ஸ்டாண்டிநோபிளில் எப்போதோ ஆண்ட ஒரு சக்கரவர்த்தியின் முகம். லொம்பார்டுகள் என்கிற நீண்ட தாடிக்காரர்கள் மலை தாண்டி இத்தாலிக்குள் இறங்கி ஊர்களைப் பிடித்தபோது, சந்தைகளில் அந்தச் சக்கரவர்த்தியின் காசுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவரோடு அவர்களுக்குப் பகைதான், ஆனால் பகை வேறு, வியாபாரம் வேறு, அந்த முகம் இல்லாத தங்கத்தைத் தொடமாட்டோம் என்று சந்தைக்காரர்கள் சொல்லிவிட்டதால் அவர்களும் அதே முகத்தைப் போட்டே காசு அடித்தார்கள். சக்கரவர்த்தியை அவருடைய வீரர்களே கொன்றுவிட்டார்கள் என்று பிறகு செய்தி வந்தது. அவருக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் வேறொருவர் என்று அங்கே வந்து போனார்கள், மொன்தெல்லாவில் காசு அடிக்கும் தங்கசாலையில் மட்டும் அவர் சாகவில்லை. ஓர் அச்சு தேய்ந்தால் அதில் அடித்த காசைப் பார்த்து அடுத்த அச்சை வெட்டினார்கள், அது தேய்ந்தால் அதன் காசைப் பார்த்து அடுத்தது. வெட்டியவர்கள் எவருக்கும் எழுத்துத் தெரியாது, எவரும் சக்கரவர்த்தியைப் பார்த்ததும் கிடையாது, ஆகவே அவர் பெயரின் எழுத்துகள் முதலில் சாய்ந்தன, பிறகு உடைந்தன, பிறகு வேலிக்குச்சிகளும் வளையங்களுமாக முகத்தைச் சுற்றி நின்றன, முத்துக் கிரீடம் பட்டாணி வரிசையாயிற்று, பட்டுச் சால்வை மீன் செதிலாயிற்று, சிலுவை அகப்பையாயிற்று. அப்படிப் பட்டாணியும் செதிலும் அகப்பையுமாகத்தான் அவர் அன்று தெருவில் நடந்து வந்தார்.

தங்கம் வைத்திருந்தவர்களுக்கு அவரைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கம்பளி வியாபாரி கிரிமோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டார். ஊரில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து ஒரு தங்கக் காசைத் தொட்டதில்லை, அவர்களுக்கு அவர் வேலை தேடி வந்த யாரோ ஒரு வெளியூர்க்காரர். அவர்களில் துணி வெளுக்கும் ஒருத்தி, சும்மாதானே நிற்கிறீர்கள், இந்த விறகைக் கொஞ்சம் பிளந்து தரலாமே என்று கேட்டாள். அவர் அகப்பையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு விறகு பிளந்தார். கிரிமோ எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொள்வதற்குள் பாதி விறகு பிளந்து முடிந்திருந்தது.

அதன் பிறகு அவர் யாரிடமும் வழி கேட்காமல் தங்கசாலையின் பின் சந்துக்குப் போய், குந்தாவின் வீட்டு வாசலில் நின்றார்.

குந்தா ரொட்டி சுட்டு விற்பவள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள், அகலமான தோள், அடுப்புச் சூட்டில் எப்போதும் சிவந்திருக்கும் முன்னங்கைகள். அவளுடைய கணவன் கைதோதான் தங்கசாலையில் அச்சு வெட்டிக்கொண்டிருந்தவன். போன வசந்தத்தில் காய்ச்சலில் போய்விட்டான், அவன் கடைசியாக வெட்டிய அச்சில்தான் இன்னும் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். குந்தா வாசலுக்கு வந்தாள். சக்கரவர்த்தியையோ பட்டாணிக் கிரீடத்தையோ அவள் பார்க்கவில்லை, அவருடைய உதட்டைப் பார்த்தாள். கீழுதட்டிலிருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு இறங்கியிருந்தது. அது விழுந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது; கைதோ வெட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்து உளி வழுக்கி, ஐயோ என்று கத்தினான், அவள் ஓடி வந்து என்னங்க என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, இவ்வளவு கிட்டத்துல யாரு பாக்கப் போறாங்க" என்று சிரித்தான்.

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். "ஈயூ... வ்வீ... ஓஹ்... ஈயீ" என்று எண்ணெய் போடாத வண்டி அச்சாணி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது அவருடைய பெயர். காசில் அவரைச் சுற்றி எழுதியிருந்தது அவ்வளவுதான்.

"பேர் சொல்ல வரலையா? பரவாயில்ல. பனி கொட்டுது, உள்ள வாங்க" என்றாள் குந்தா.

அவர் குந்தாவின் வீட்டிலேயே தங்கிவிட்டார், ஆனால் ஊர் அவரை எந்த வரிசையில் வைப்பது என்று கொஞ்சம் யோசித்தது. உர்சோ பாதிரியார்தான் முதலில் சிக்கலில் மாட்டினார். செத்துப்போன சக்கரவர்த்தியாக இருந்தால் அவருக்காக ஜெபிக்க வேண்டும், உயிரோடிருக்கும் மனிதராக இருந்தால் அவரையே ஜெபிக்கச் சொல்ல வேண்டும், இரண்டில் எது என்று அவருடைய புத்தகம் எதிலும் இல்லை. கடைசியில் கோயிலில் ஆண்கள் நிற்கும் வரிசைக்கும் சுவருக்கும் நடுவே அவருக்கு இடம் கொடுத்தார்கள், ஆள் மெல்லிசு என்பதால் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. மாடு விற்பவர்களும் நிலம் மாற்றிக்கொள்பவர்களும் அவருடைய செதில் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை முடித்தால் அந்தப் பேச்சு மாறாது என்று ஒரு நம்பிக்கை வந்தது, அதனால் சந்தை நாட்களில் அவர் காலையிலிருந்து மாலை வரை கையை நீட்டியபடி நின்றார். பன்றி மேய்ப்பவர்களுக்கு அவரைக் கண்டு பன்றிகள் மிரளாதது பிடித்திருந்தது. அவரால் ஒரு பக்கமாக மட்டுமே வாளி தூக்க முடியும் என்று பெண்கள் தெரிந்துகொண்டு, அவருக்கென்று ஒற்றை வாளி ஒன்றைக் கிணற்றடியில் வைத்தார்கள். பணக்காரர்கள் அவரை மகாராஜா என்றார்கள், மற்றவர்கள் விறகுக்காரர் என்றார்கள், இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்த்தார், ஆனால் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான்.

தாமதத்துக்குக் காரணம் அவருடைய காது. அது கன்னத்தைத் தாண்டி, தாடை எலும்புக்கும் கீழே, கிட்டத்தட்டக் கழுத்தில் இருந்தது. சொல்லும் வார்த்தை அங்கே இறங்கிப் போய்ச் சேர நேரமாயிற்று. குந்தா அந்தக் காதை முதலில் சாதாரணமாகத்தான் பார்த்தாள். குளிர்காலம் பாதி போன பிறகு, ஒரு நாள் அடுப்பில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த அச்சை கைதோ வெட்டியது அவன் சாவதற்கு முந்தின வருஷத்துக் கோடையில். அப்போது காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தான். நன்றாக இருப்பவன் காதைக் கழுத்தில் வைப்பானா? அவள் அவரை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பட்டாணி வரிசையில் கடைசி இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. கண்ணை ஒரே குழியாகத் தோண்டியிருந்தான், இமை கிடையாது. செதில்கள் தோளில் ஒழுங்காகத் தொடங்கி, மார்புக்கு வரும்போது தடவித் தடவி வெட்டியது மாதிரி ஆகியிருந்தன. தடவித்தான் வெட்டியிருக்கிறான். அந்தக் கோடையில் அவன் ஊசியில் நூல் கோக்க அவளைக் கூப்பிட்டான், மீனில் முள் எடுத்துத் தரச் சொன்னான், வயசாக ஆகச் சோம்பேறித்தனம் கூடிக்கொண்டே போகிறது என்று அவள் திட்டினாள், அவன் ஆமாம் சோம்பேறிதான் என்று ஒப்புக்கொண்டு முள் எடுத்த மீனைத் தின்றான்.

"கண்ணு தெரியலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று அவள், காசிலிருந்து வந்த அந்தக் காசுக்காரரைப் பார்த்துக் கத்தினாள். "நான் என்ன வேண்டாதவளா? வீடு வீடாப் போய்ச் சொல்லிடுவேனா? தங்கசாலை வேலையிலேருந்துதானே நிறுத்தியிருப்பாங்க, நான் ரொட்டி சுட்டுப் போட்டிருக்க மாட்டேனா?"

கத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போய், ரொட்டியை எடுத்து, கரிந்த பக்கத்தைச் சுரண்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்குக் கேட்டது. அவர் யாருமில்லாத இடத்தைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

அதிலிருந்து அவள் அவரோடு பேசத் தொடங்கினாள். காசுக்காரருக்கு அவள் சூப்பு ஊற்றிக் கொடுத்தால் உதட்டுக் கோட்டின் வழியாகப் பாதி வழிந்துவிடும், அவள் துணியால் துடைப்பாள், துடைக்கும்போது விரல் அந்தக் கோட்டில் கொஞ்சம் தங்கும். அவரைக் கணவன் என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை, அந்த அளவுக்குப் புத்தி கலங்கியவள் இல்லை. ஆனால் கைதோவின் கை செய்தது எல்லாம் அவரிடத்தில் இருந்தது, அவன் மறைத்தது உட்பட.

வசந்தத்தில் தோணியில் வாரின் என்ற அரச அதிகாரி வந்து இறங்கினார், ஜலதோஷம் பிடித்த மூக்கோடும் ஓர் உத்தரவோடும். இனிமேல் லொம்பார்டுகளின் காசில் லொம்பார்டு அரசருடைய முகமும் பெயரும்தான் இருக்கும். பழைய முகம் போட்ட காசையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தால் உருக்கிப் புதிதாக அடித்து அதே எடைக்குத் திருப்பித் தருவார்கள். பழையது கோடை முடிந்த பிறகு செல்லாது. வாரின் மூக்கைச் சிந்திக்கொண்டே இதைக் கோயில் வாசலில் அறிவித்தார். கிரிமோதான் முதல் ஆளாகப் பையோடு போய் நின்றார்.

தங்கசாலையில் காசு உருக்கும் முதல் மூசை சூடேறி, முதல் காசுகள் அதற்குள் சாய்ந்து முகமிழந்த நேரத்தில், குந்தாவின் வீட்டுக்கு மாவு மூட்டை தூக்கி வந்துகொண்டிருந்த காசுக்காரர் மூட்டையைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவரால் கோடரி தூக்க முடியவில்லை. அந்த வாரத்துக்குள் செதில்கள் மங்கிப்போயின, பட்டாணி வரிசை பின்பக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது, அவரைத் தாண்டி இருக்கும் சுவர் அவர் வழியாகத் தெரிந்தது. ஊர் வருத்தப்பட்டது, உண்மையாகவே வருத்தப்பட்டது; காலையில் தங்கசாலைக்குக் காசு கொண்டுபோனவர்கள் திரும்பும் வழியில் குந்தாவின் வீட்டில் நுழைந்து அவருக்கு முட்டையும் தேனும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"நான் என்ன பண்ணட்டும் குந்தா? உத்தரவு அப்படி" என்றார் கிரிமோ. "செல்லாத காசை வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட போறது? மகாராஜாவுக்கே அது புரியும்."

"அவருக்குக் காது கேக்க நேரமாகும். கொஞ்சம் நின்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள் குந்தா. கிரிமோ நிற்கவில்லை.

வாரினும் ஒரு நாள் வந்து பார்த்தார். "பழைய முகம் எல்லாத்தையும் உருக்கணும்னு உத்தரவு. இவரும் பழைய முகம்தானே?" என்று கேட்டார்.

"இவர் காசு இல்லைங்களே, ஐயா."

"அப்ப யாரு?"

ரொட்டி வாங்க வந்திருந்த துணி வெளுப்பவள், "எங்க விறகுக்காரருங்க" என்று சொன்னாள். வாரின் காசுக்காரரை ஒரு நிமிஷம் பார்த்தார், சுவரில் தொங்கிய சல்லடை அவருடைய நெஞ்சின் வழியாகத் தெரிந்தது. "நான் எதுவும் செய்ய வேண்டியதில்ல, அதுவா முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்.

வாரினோடு தலைநகரத்திலிருந்து புது அச்சு வெட்டுகிறவரும் வந்திருந்தார், தாசோ என்று பெயர், வழுக்கைத் தலை, அதிகம் பேசாதவர். அவருடைய கஷ்டம் வேறு. அரசரின் முகத்தை வெட்ட வேண்டும், அரசரை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, குதிரை மேல், தாடி மட்டும் தெரிந்தது. தாடியை மட்டும் வைத்துக் காசு அடிக்க முடியாது. ரொட்டி வாங்க வந்த இடத்தில் அவர் மூலையில் உட்கார்ந்திருந்த காசுக்காரரைப் பார்த்துவிட்டு, ரொட்டியை மறந்து நின்றார்.

"காசுக்குன்னே செஞ்ச முகம்" என்றார். "நான் பாத்து வெட்ட இவர் எனக்கு உக்காருவாரா?"

"உக்காந்துதான் இருக்காரு. வேற என்ன முடியும் அவரால" என்றாள் குந்தா.

தாசோ மெழுகுப் பலகையும் கூரான குச்சியுமாக வந்து அவருக்கு எதிரே அமர்ந்தார். முதல் நாள் கோட்டுருவம் முடிந்தபோது, மங்கிப் போயிருந்த மூக்கு நுனி கொஞ்சம் தெளிந்திருந்தது. தாசோவுக்கு அது வியப்பாக இல்லை, வெட்டுகிற வேலையில் இதெல்லாம் உண்டு என்பது போலப் பலகையைத் துணியில் சுற்றினார். பிறகு குந்தாவிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் வெட்டினதுன்னு சொன்னாங்க. அதனால கேக்கறேன். இவர் எப்படி இருக்காரோ அப்படியே என்னால வெட்ட முடியும். உதட்டுக் கோடு, கழுத்துல காது, எல்லாம். அதிகாரி பாக்கறது எடையை மட்டும்தான். இல்லைன்னா எல்லாத்தையும் சரி பண்ணி வெட்டலாம். எதுன்னாலும் ஆள் பிழைச்சுக்குவாரு. எப்படி வெட்டட்டும்?"

"அப்படியே வெட்டுங்க" என்று குந்தா உடனே சொன்னாள்.

தாசோ தலையாட்டிவிட்டுப் போனார். குந்தா அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தாள், மாவு பிசையும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள், வெயில் சாய்வதற்குள் காசுக்காரருக்குச் சூப்பு கொண்டுபோனாள். சூடாக இருக்கு, பாத்து, என்று சொல்லிக் கிண்ணத்தை வாயருகே வைத்தாள். அந்த வார்த்தை அவருடைய காதுக்கு இறங்கிப் போவதற்குள் அவர் குடித்துவிட்டார். சூடு அவரை உலுக்கியது, சூப்பு கோட்டின் வழியாகக் கழுத்தில் கொட்டியது, அவர் வாயைத் திறந்து, "ஈயூ... வ்வீ..." என்று தன்னிடமிருந்த ஒரே பெயரைச் சொல்லிக் கத்தினார், வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வேறு எழுத்துகள் இல்லை. அதற்கப்புறம்தான் அவளுடைய எச்சரிக்கை அவரை எட்டியது. கொட்டிய பிறகு, வெந்த பிறகு, அவர் பணிவாகத் தலையாட்டினார்.

குந்தா துணியை எடுத்தாள். கழுத்தைத் துடைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் தான் எத்தனை பிரியமாக அந்தக் கோட்டைத் துடைத்திருக்கிறோம் என்று நினைத்தாள், ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்தாள். துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு தங்கசாலைக்குப் போனாள்.

தாசோ இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ணிடுங்க" என்றாள்.

"எல்லாத்தையுமா?"

"காதை மேல ஏத்துங்க. கண்ணுக்கு இமை வேணும். உதட்டுல..." அவள் நிறுத்தினாள். "உதட்டுலயும்தான்."

"எழுத்து எனக்கு வராது" என்றார் தாசோ.

"அதுக்கு ஆள் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி, அவள் நேராக உர்சோ பாதிரியாரின் வீட்டுக்குப் போனாள். பாதிரியார் அரசரின் பெயரைக் கூட்டல் குறைச்சல் இல்லாமல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பலகையில் பெரிதாக எழுதிக்கொடுத்தார், கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதற்காகத் தாசோ அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே சாய்த்து வைத்து, தண்ணீரில் பார்த்து வெட்டினார்.

வேலை நடந்த நாட்களில் ஒரு பக்கம் பழைய காசு உருகிக்கொண்டிருந்தது, மறு பக்கம் இரும்பில் முகம் இறங்கிக்கொண்டிருந்தது, காசுக்காரர் மங்கிக்கொண்டும் தெளிந்துகொண்டும் ஒரே நேரத்தில் இருந்தார். புது அச்சில் சம்மட்டி விழுந்த காலையில் அந்தச் சத்தம் பின் சந்து வரை கேட்டது. குந்தா மாவில் கை வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு அடிக்கும் அவர் கெட்டியானார். சல்லடை மறைந்தது. காது மேலே ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தது, கண் முதன்முறையாக மூடித் திறந்தது, செதில் துணியாயிற்று, அகப்பை சிலுவையாயிற்று. உதட்டுக் கோடு கீழிருந்து மேலாக மூடிக்கொண்டு வந்தது, அவள் அதைக் கடைசி வரை பார்த்தாள், அது மூடிய பிறகு அந்த இடம் எது என்றே தெரியவில்லை. கைதோவின் கை பட்ட இடம் என்று அந்த மனிதரிடத்தில் எதுவும் மிச்சமில்லை.

அவர் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார். சுத்தமான, கேட்கும்படியான பெயர், அரசருடைய பெயர். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பை, மாவுத் தொட்டியை, கிண்ணத்தை, பிறகு அவளை.

"அம்மா, நீங்க யாரு?" என்று கேட்டார்.

குந்தா முன்னங்கையால் நெற்றியைத் துடைத்தாள், நெற்றியில் மாவு ஒட்டியது. சொல்ல நிறைய இருந்தது. ஒரு குளிர்காலம் அளவுக்கு இருந்தது, அதற்கும் முந்தின ஒரு கோடை அளவுக்கு இருந்தது.

"ரொட்டி சுடறவ" என்றாள்.

"நான் தலைநகரத்துக்குப் போகணும்" என்றார் அவர், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது போல. "வழி தெரியுமா?"

"ஆத்தோரமாவே மேக்கால போங்க. தோணிக்காரங்க ஏத்திக்குவாங்க. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, தூரம் ஜாஸ்தி."

அவர் உட்கார்ந்தார். அவள் ரொட்டியைப் பிட்டு சூப்பில் போட்டு வைத்து, "சூடு, பாத்து" என்றாள். அவர் கையை உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ஊதி, ஆறவைத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தார். பசியோடு, சத்தமாக, ஒரு சாதாரண வழிப்போக்கனைப் போலச் சாப்பிட்டார். அவர் போன பிறகு தலைநகரத்தில் அதே பெயரோடு ஏற்கெனவே அரியணையில் இருந்தவரைச் சந்தித்தாரா, சந்தித்தால் இருவரில் யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்பதெல்லாம் மொன்தெல்லாவுக்கு எட்டவில்லை. புதுக் காசு நன்றாக ஓடியது, சந்தைக்காரர்கள் முதலில் முகம் சுளித்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டார்கள், கிணற்றடியில் அந்த ஒற்றை வாளியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அது பிறகு. அன்று காலை, தங்கசாலையில் சம்மட்டி விழுந்துகொண்டே இருக்க, அவர் கிண்ணத்தை வழித்து முடித்து நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று குந்தா கேட்டாள்.

"ஊத்துங்கம்மா" என்றார் அவர், அவள் கேட்டு முடித்த உடனேயே.

அவள் ஊற்றினாள்.